இன்னுமொரு கைனேஸ்

1984 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டேவிட் வெட்டர் இறந்தபோது அவனுக்கு வயது 12. பிறந்த சில விநாடிகளிலேயே கிருமி நீக்கிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைக்கப்பட்டவன். அவனுக்கு முன் பிறந்த அண்ணன் ஏழு மாதத்தில் இறந்திருந்தான். அதே நோய் இவனுக்கும் இருக்கும் என்று டாக்டர்கள் பயந்தார்கள், இருந்தது. அவன் வெளியே நடப்பதற்கு நாசா ஓர் உடை செய்து கொடுத்தது. ஆனால் கையுறை இல்லாமல் அம்மா அவனைத் தொட்டது கடைசி இரண்டு வாரங்களில்தான்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு அக்காவின் எலும்பு மஜ்ஜையை அவனுக்கு ஏற்றியிருந்தார்கள். மஜ்ஜைக்குள் எப்ஸ்டீன்-பார் வைரஸ் பதுங்கியிருந்தது. உங்களுக்கும் எனக்கும் அநேகமாக அது இருக்கும், வாழ்நாள் முழுக்க சும்மா கிடக்கும். டேவிட்டுக்கு அது புற்றுநோயானது.

அவனிடம் என்னதான் இல்லை? அப்போது யாருக்கும் தெரியாது. இந்த வகை நோய் ஆண் குழந்தைகளை மட்டுமே தாக்குவதால், கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்பது வரை தெரியும்.

பதில் வேறு திசையிலிருந்து வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வாரன் லியோனார்ட், இன்டர்லூக்கின்-2 என்ற சைட்டோகைனின் ஏற்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார். சைட்டோகைன் என்பது நோயெதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தகவல், ஏற்பி அதை வாங்கிக்கொள்ளும் காது. டேவிட் இறந்த அதே 1984இல்தான் லியோனார்டும் சகாக்களும் அந்த ஏற்பியின் முதல் பாகத்துக்கான மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். மூன்றாவது பாகமான காமா சங்கிலியை 1992இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, இந்த நோயாளிகளிடம் பழுதாகியும் இருக்கிறது என்று 1993இல் லியோனார்டின் குழு காட்டியது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு கணக்கு இடித்தது. இன்டர்லூக்கின்-2 அறவே இல்லாத எலிகளுக்கு டி செல்கள் இருந்தன. ஏற்பியின் ஒரு பாகம் மட்டும் கெட்ட இந்தக் குழந்தைகளுக்கோ டி செல்களே இல்லை. தகவலே இல்லாததைவிடக் காதில் ஒரு பாகம் கெட்டது எப்படிப் பெரிய நாசமாகும்?

மென்பொருள் எழுதுபவர்களுக்கு இந்த நாற்றம் பழக்கம். ஒரு இடத்தில் கை வைத்து ஆறு சர்வீஸ் விழுந்தால், ஆறும் எந்த லைப்ரரியைப் பகிர்கின்றன என்றுதான் முதலில் பார்ப்போம். லியோனார்ட் ஊகித்ததும் அதையே. காமா சங்கிலி இன்டர்லூக்கின்-2க்கு மட்டும் சொந்தமில்லை. 4, 7 ஆகியவற்றின் ஏற்பிகளிலும் அதே பாகம் இருந்தது, பிறகு 9, 15, 21. டி செல் வளர 7 வேண்டும். ஒரே பாகம் போனதில் ஆறு காதுகளும் அடைத்துவிட்டன. எனக்கு இதில் பிடித்தது கண்டுபிடிப்பைவிட அந்த நெருடல்தான். மரபணுவைப் பிடித்தாயிற்றே என்று அவர் கொண்டாடிவிட்டுப் போயிருக்கலாம்.

அடுத்த கேள்வி: காமா சங்கிலி தானாக எதையும் செய்யாது, அது நொதி அல்ல. செய்தியை உள்ளே கடத்துவது யார்? மெல்போர்னில் ஆண்ட்ரூ வில்க்ஸ் 1989இல் புதுக் கைனேஸ் நொதிகளைத் தேடியபோது, என்ன வேலை செய்கின்றன என்றே தெரியாத இரண்டு சிக்கின. 'இன்னுமொரு கைனேஸ்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, கிண்டலாக ஜாக் என்று பெயர் வைத்தார்கள். பிறகு ரோமானியரின் இரட்டை முக தெய்வமான ஜானஸின் பெயரால் அது கௌரவமடைந்தது. அந்தக் குடும்பத்தின் ஜாக்3தான் காமா சங்கிலியில் ஒட்டிக்கொண்டிருப்பது. அப்படியானால் ஜாக்3 கெட்டாலும் இதே நோய் வர வேண்டும் என்று லியோனார்டின் குழு சொன்னது. 1995இல் அப்படிப்பட்ட நோயாளிகள் அடையாளம் காணப்பட்டார்கள். அந்த மரபணு எக்ஸில் இல்லை, அதனால் பெண் குழந்தைகளுக்கும் வரும்.

அதே நிறுவனத்தில் ஜாக்3ஐப் பிரித்தெடுத்த ஜான் ஓஷே இதைத் திருப்பிப் போட்டார். பிறவியில் இது இல்லாவிட்டால் எதிர்ப்புச் சக்தி இல்லை. சரி, தன் உடலையே தாக்கும் எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களுக்கு இதை மருந்தால் கொஞ்சம் அடக்கினால்? ஃபைசர் நிறுவனம் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டது. 2012இல் டோஃபாசிடினிப் மாத்திரை முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குறி ஜாக்3 என்றாலும், அது ஜாக்1ஐயும் சேர்த்தே தடுக்கிறது.

கடுமையான தொற்று வரலாம் என்ற எச்சரிக்கை அந்த மாத்திரையோடு கட்டம் கட்டியே வருகிறது. அதைத் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். இருமலோ காய்ச்சலோ இல்லாதவருக்கும்தான், உடலில் பதுங்கிக் கிடக்கும் கிருமியையே அந்தப் பரிசோதனை தேடுகிறது.