சிறுதொழில் தொடங்கும் முன்: சேலையூர், தாம்பரம் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி



ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "பாய், ஒரு கடை போடலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?" நாமும் "இன்ஷா அல்லாஹ், நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கேட்பவர் கையில் இருப்பது வளைகுடாவில் பத்து வருடம் வெயிலில் நின்று சேர்த்த பணமாக இருக்கலாம்; மனைவியின் நகையாக இருக்கலாம். அது போனால் திரும்ப வராது. அதனால் அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல முயல்கிறோம். சட்டம், கட்டணம் பற்றிய விவரங்கள் 2024-ஆம் ஆண்டு நிலவரப்படி தரப்பட்டுள்ளன.

முதலில் சந்தை, பிறகு சரக்கு

மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் அதை ஏற்காமல், அவருக்காக துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தைக்குப் போய்ப் பாலாடைக்கட்டியும் நெய்யும் வியாபாரம் செய்து திரும்பினார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இந்தச் சம்பவத்தை உழைப்பின் சிறப்புக்கு உதாரணமாகப் பலமுறை பயானில் கேட்டிருப்போம். இதில் தொழில் பாடமும் ஒன்று இருக்கிறது. அவர்கள் சரக்கை வாங்கி வைத்துக்கொண்டு ஆளைத் தேடவில்லை. ஆள் கூடும் இடத்தை முதலில் கேட்டார்கள்.

நம்மில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. கடை காலியாக இருக்கிறது, வாடகை குறைவு, அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, அதன் பிறகுதான் "இங்கே என்ன போட்டால் ஓடும்?" என்ற யோசனை வருகிறது. சேலையூரை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்ப் ரோடு சந்திப்பில் எந்நேரமும் கூட்டம்தான். ஆனால் அதில் பெரும்பகுதி வேளச்சேரி பக்கமும் தாம்பரம் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கும் கூட்டம். வண்டியை நிறுத்த இடமில்லாவிட்டால் அது உங்கள் வாடிக்கையாளர் ஆகாது. அகரம் சாலையில் பாரத் பல்கலைக்கழக மாணவர்கள், கிழக்குத் தாம்பரத்தில் கிறிஸ்துவக் கல்லூரி மாணவர்கள் என்று நம்பிப் போட்ட ஜூஸ் கடையும் நகல் எடுக்கும் கடையும் செமஸ்டர் விடுமுறையில் ஈ ஓட்டும். வாடகைக்கு விடுமுறை கிடையாது. பன்னிரண்டு மாத வாடகையை எட்டு, ஒன்பது மாத வியாபாரத்தில் எடுக்க முடியுமா என்று பார்த்த பிறகுதான் அங்கே கடை பிடிக்க வேண்டும்.

இடம் பார்க்கும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு எதிர்ப்புறம் நில்லுங்கள். வேலைநாள் காலை ஒரு மணி நேரம், மாலை ரயிலில் இருந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். அதேபோன்ற கடை அருகில் இருந்தால் அங்கே எத்தனை பேர் ஏறுகிறார்கள், கையில் பையோடு எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். காசு செலவில்லாத இந்த வேலையை ஏனோ யாரும் செய்வதில்லை. ஊர் மாறுவதையும் கவனியுங்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்ததும் வெளியூர்ப் பயணிகள் ஏறும் இடம், இறங்கும் இடம் மாறியது. அந்தக் கூட்டத்தை நம்பியிருந்த கடைகளின் கணக்கும் கூடவே மாறியது.

ஒரு நாளைக்கு எத்தனை பொட்டலம்?

"நல்ல லாபம் பாய்" என்று யாராவது சொன்னால், எத்தனை விற்றால் கைக்காசு போகாது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. தொழிலின் அஸ்திவாரமே இந்தக் கணக்குதான்.

ஒரு சின்ன பிரியாணிக் கடை. வாடகை 12,000, கரண்ட் 3,000, உதவியாளர் சம்பளம் 15,000, உங்கள் குடும்பத்துக்கு 15,000 என்று வையுங்கள். மாதம் 45,000, அதாவது ஒரு நாளைக்கு 1,500. ஒரு பொட்டலம் 120 ரூபாய். அதில் அரிசி, கறி, எண்ணெய், மசாலா, கேஸ், டப்பா எல்லாம் சேர்த்து 80 ரூபாய் போனால் மிச்சம் 40. நாற்பதால் 1,500-ஐ வகுத்தால் ஒரு நாளைக்கு 38 பொட்டலம். முப்பத்தெட்டுக்குக் கீழே விற்கும் ஒவ்வொரு நாளும் கையிலிருந்து போகிறது.

இப்போது அதே பொட்டலத்தை ஆன்லைன் டெலிவரி ஆப்பில் அதே 120-க்கு விற்பதாக வையுங்கள். கமிஷன் நூற்றுக்கு 25 என்றால் 30 ரூபாய் அங்கே போய்விடும். மிச்சம் 10 ரூபாய். அதை மட்டும் நம்பினால் 38-க்குப் பதிலாக 150 பொட்டலம் விற்க வேண்டும். கடை நிறைய ஆர்டர், கல்லாவில் காசு இல்லை என்று குழம்பும் சகோதரர்கள் இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்க்கட்டும். ஆப் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்கான விலையைத் தனியாகப் போடுங்கள் என்கிறோம்.

இந்தக் கணக்கில் குடும்பத்துக்கு 15,000 என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். முதலாளிக்கும் சம்பளம் உண்டு. அதற்கு மேல் கல்லாவில் கை வைக்கக் கூடாது. உதவி கேட்டு வந்த அன்சாரி ஒருவரின் வீட்டில் இருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் ஏலம் விட்டு, இரண்டு திர்ஹமில் ஒன்றைக் குடும்பத்தின் உணவுக்கும் மற்றொன்றைக் கோடரி வாங்கவும் பிரித்துக் கொடுத்ததாக அபூதாவூதில் ஒரு செய்தி வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் அறிஞர்களுக்குக் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனாலும் வீட்டுத் திர்ஹம் வேறு, கோடரித் திர்ஹம் வேறு என்ற பிரிவு ஒவ்வொரு கடைக்காரரும் யோசிக்க வேண்டியது. பிள்ளையின் ஸ்கூல் பீஸ் கல்லாவிலிருந்து போனால், அடுத்த வாரம் கறிக்கடைக்காரருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதற்கென்று தனி க்யூஆர் அட்டை வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

முதல் எங்கிருந்து?

இங்கேதான் நம் சமுதாயத்தின் பெரிய சிக்கல் இருக்கிறது. வங்கிக் கடன், முத்ரா, டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கடன் என்று வழிகள் இருக்கின்றன; குறைந்தது என்றாலும் இவற்றில் வட்டி உண்டு. அல்பகரா அத்தியாயத்தின் 275-ஆம் வசனம் வியாபாரத்தை ஹலாலாகவும் வட்டியை ஹராமாகவும் பிரித்துவிட்டது. வட்டியை வங்கியில் தவிர்த்துவிட்டுத் தெருவில் தண்டல் வாங்குபவர்களையும் பார்க்கிறோம். 10,000 என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு, 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "நூறு ரூபாய்தானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், உங்கள் கையில் சராசரியாக நின்ற பணம் 4,250 ரூபாய் அளவுதான். அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய். வருடக் கணக்கில் பார்த்தால் நூறு சதவீதத்தையும் தாண்டும். ஹராம் என்பது ஒருபுறம் இருக்க, எந்தச் சின்ன வியாபாரத்தின் லாபமும் இதைத் தாங்காது.

அப்படியானால் என்ன செய்வது? முதலைச் சிறியதாக்குவதே முதல் வழி. கடை எடுக்கும் முன் ஆறு மாதம் வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துப் பாருங்கள். பிரிட்ஜ், மேஜை, ரேக், பாத்திரம் எல்லாம் புதிதாக வேண்டியதில்லை. பக்கத்திலேயே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. (ஜும்ஆவுக்கு முன்பே போய் வந்துவிடுங்கள்.) உள் அலங்காரத்துக்கு இரண்டு லட்சம் போட்டு, சரக்கு வாங்க இருபதாயிரம் இல்லாமல் நிற்கும் கடைகள் நம் கண்ணில் படுகின்றன. சுவரில் ஒட்டிய பணம் சுவரிலேயே நின்றுவிடும்.

அழகிய கடன் கொடுக்கும் பைத்துல்மால்கள் தமிழகத்தின் பல முஸ்லிம் ஊர்களில் இயங்குகின்றன. உங்கள் சொந்த ஊர் ஜமாஅத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆதரவற்ற பெண்கள், விதவைகளுக்கு மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. சேலையூர் குடும்பங்கள் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் சிறுபான்மையினர் நலப் பிரிவில் கேட்கலாம்.

மூன்றாவது வழி கூட்டு. ஒருவர் பணம், மற்றவர் உழைப்பு என்பது முளாரபா. கதீஜா (ரலி) அவர்களின் பொருளை எடுத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்று வியாபாரம் செய்ததை நாம் அறிவோம். இதில் லாபத்தை விகிதமாகத்தான் பேச வேண்டும். நஷ்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும்; உழைத்தவரின் கவனக்குறைவோ ஒப்பந்த மீறலோ காரணமாக இருந்தால் மட்டும் அவர் பொறுப்பு. இருவரும் பணம் போட்டால் முஷாரகா. அப்போது நஷ்டம் அவரவர் முதலின் அளவுக்குத்தான். "ஒரு லட்சம் கொடுங்க மச்சான், மாசம் மூவாயிரம் லாபம் கொடுத்துடறேன்" என்பது பெயரளவில் லாபம். தொகை நிர்ணயிக்கப்பட்டுவிட்டால் அது வட்டிதான். ஹலால் முதலீடு என்று சொல்லிப் பணம் திரட்டிய பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019-இல் முடங்கியபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பு மாட்டிக்கொண்டதை மறக்க வேண்டாம்.

கூட்டு எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள். சொந்த மச்சானிடம் பத்திரம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் வசனம். யார் எவ்வளவு போட்டார், யார் கடையில் உட்காருவார், அவருக்குச் சம்பளம் உண்டா, ஒருவர் விலகினால் அல்லது மௌத்தாகிவிட்டால் பங்கு எப்படிக் கணக்கிடப்படும் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், தன் ஒப்பந்த உரிமைக்காக வெளியாள் மேல் வழக்குப் போட 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால் பதிவும் செய்துவிடுவது நல்லது.

காகித வேலைகள்

பயப்படும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆனது. தொழில் உரிமம் அங்கேதான். உணவுப் பொருள் என்றால், வீட்டுச் சமையலறையில் செய்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு போதும், கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு ஆதாரை வைத்து இணையத்தில் நாமே செய்யலாம், முற்றிலும் இலவசம். அரசுத் தளம் போலவே தோற்றமளித்து ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்களில் ஏமாறாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு, பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்போதும், சேவைத் தொழிலுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்போதும் கட்டாயம். உணவகம் சேவையில்தான் வரும். கடை வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம். வாய்ப்பேச்சில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பின்னால் அலையாதீர்கள்.

தராசும் கூலியும்

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் முத்திரை வாங்க வேண்டும். அபராதம் வரும் என்பதற்காக அல்ல. அளவில் குறைப்போருக்குக் கேடு என்று தொடங்கும் ஒரு முழு அத்தியாயத்தை (83) தொழுகையில் ஓதுகிறோம். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம் என்றிருந்த குவியலில் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்துக் கண்டித்ததும் நமக்குத் தெரியும். நேற்றைய கறியை இன்றைய கறியோடு கலப்பதும் அதே குவியல்தான். "பாய் கடை" என்றால் சுத்தம், எடை சரி என்று நம்பி வரும் மாற்று மத சகோதரர்கள் சேலையூரில் ஏராளம். அந்த நம்பிக்கையை ஒருவர் கெடுத்தால் எல்லோருக்கும் கெடும்.

வேலையாளுக்குக் கூலி, வியர்வை உலரும் முன். தமிழகத்தில் 2021-இல் கடைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தருவது கட்டாயமாக்கப்பட்டது. ஒரு ஸ்டூலாவது போடுங்கள். ஜும்ஆ நேரம் பிரியாணி வியாபாரத்துக்கும் உச்ச நேரம் என்பதால் சோதனை அங்கே வரும். பாங்கு சொன்னதும் ஷட்டரை இறக்கி, "2 மணிக்குத் திறக்கப்படும்" என்று பலகை வையுங்கள். ஒரு மாதத்தில் வாடிக்கையாளர்கள் அந்த நேரத்துக்குப் பழகிவிடுவார்கள்.

கடன் நோட்டு பற்றியும் ஒரு வார்த்தை. தெரிந்தவர், ஜமாஅத்தார், சொந்தக்காரர் என்று எழுதிக்கொண்டே போனால் கடை அந்த நோட்டுக்குள் போய்விடும். ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வையுங்கள். உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுங்கள். முடியாதவருக்கு விட்டுக்கொடுத்து, அதை ஸதகாவாக உங்கள் சொந்தச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள். வருடம் ஒருமுறை ஜகாத் கணக்குப் பார்க்கும்போது, விற்பனைக்கு இருக்கும் சரக்கை அன்றைய விற்பனை விலையில் மதித்து, கையிருப்பையும் வரவேண்டிய நல்ல கடனையும் கூட்டி, கொடுக்கவேண்டியதைக் கழித்து, நிஸாபை அடைந்தால் இரண்டரை சதவீதம். பிரிட்ஜ், கிரைண்டர், அலமாரிக்கு ஜகாத் இல்லை. ஒழுங்காகக் கணக்கு எழுதுபவருக்கு இது அரை மணி நேர வேலை.

எப்போது நிறுத்துவது?

இதை யாரும் பேச விரும்புவதில்லை. கடை மூடுவது அவமானம் என்று எண்ணி, ஓடாத கடைக்கு இரண்டாவது நகையையும் அடகு வைத்தவர்கள் உண்டு. திறக்கும் அன்றே ஒரு தொகையை எழுதி வீட்டில் வையுங்கள்: இவ்வளவு போனால் நிறுத்துவேன் என்று. மனைவியோ, அத்தாவோ, ஒருவராவது அதை அறிந்திருக்கட்டும். அந்தப் புள்ளி வந்துவிட்டால் முதலில் வேலையாளின் சம்பளத்தைத் தீருங்கள், அடுத்து சரக்குக் கொடுத்தவர்களின் பாக்கி. சாமானை அதே பல்லாவரம் சந்தையில் விற்கலாம். ஜிஎஸ்டி எடுத்திருந்தால் முறைப்படி ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் கணக்குத் தாக்கல் செய்யாத அபராதம் ஏறும். வாடகை ஒப்பந்தத்தில் சொன்னபடி முன்கூட்டியே எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு சாவியை ஒப்படையுங்கள்.