பந்து தெரியாத படம்: பார்வையாளர் எடுத்த டென்னிஸ் ஒளிப்படங்களும் நம் வரலாறும்



நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தைத் தொடங்கும்போது, வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைக் கொண்டு வருமாறு கூறுவது என் வழக்கம். பித்தளைக் குவளை, பழைய அடையாள அட்டை, இரப்பர்ப் பால் வெட்டும் கத்தி என்று பலவும் வந்து சேரும். ஒருமுறை மாணவன் ஒருவன் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கொண்டு வந்தான். உள்ளங்கை அளவே இருந்தது. ஒரு டென்னிஸ் திடல். வெள்ளுடை அணிந்த ஆட்டக்காரர் ஒருவர் பந்தை அடிக்கும் கோலம். ஓரத்தில் உருளையின் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கும் ஒரு தொழிலாளி. படத்தின் பின்புறம் ஓர் எழுத்தும் இல்லை.

“டீச்சர், இவர் பெரிய ஆட்டக்காரராக இருப்பாரோ?” என்று கேட்டான். உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. அந்தப் படத்தை எப்படிப் படிப்பது என்று தேடிச் சென்றபோது அறிந்தவற்றையே இங்குப் பகிர்ந்து கொள்கிறேன்.

ஒளிப்படமும் டென்னிசும்

இன்று நாம் காணும் புல்தரை டென்னிஸ் 1870களில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. முதல் விம்பிள்டன் போட்டி 1877இல் நடந்தது. அடுத்த பத்தாண்டுகளில், எட்வர்டு மைபிரிட்ஜ் மனிதர், விலங்குகளின் அசைவுகளைத் தொடர் படங்களாக எடுத்து 1887இல் வெளியிட்டார். டென்னிஸ் ஆடுவோரும் அவற்றில் இடம் பெற்றனர். ஆனால், அவை ஆய்வுக்கென்று ஏற்பாடு செய்து எடுக்கப்பட்டவை. போட்டியைக் காணச் சென்றவர் எடுத்தவை அல்ல.

பார்வையாளரின் கைக்குக் கேமரா பரவலாக வந்தது 1900ஆம் ஆண்டுக்குப் பிறகுதான். அவ்வாண்டில் கோடாக் நிறுவனம் ‘பிரௌனி’ என்னும் பெட்டிக் கேமராவை ஒரு டாலர் விலைக்கு விற்பனைக்குக் கொண்டு வந்தது. பிரான்சு நாட்டில் ஜாக் ஆன்ரி லார்டிக் என்பவர் சிறுவயது முதலே கேமராவும் கையுமாகத் திரிந்தார். 1894இல் பிறந்த இவர் படம் எடுப்பதைப் பிழைப்பாகக் கொண்டவர் அல்லர்; தாம் விரும்பியவற்றைத் தமக்காகவே எடுத்துக் கோப்புகளில் ஒட்டி வைத்தவர். 1919 முதல் 1925 வரை ஆறு முறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற சுசான் லெங்லென் கால்கள் தரையில் படாமல் அந்தரத்தில் தாவும் காட்சியையும் அவர் பதிவு செய்தார். 1963இல் நியூயார்க்கின் நவீன கலைக் காட்சியகத்தில் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்ட பிறகே உலகம் அவரை அறிந்தது. அப்போது அவருக்கு வயது 69. தேதியும் பெயரும் எழுதிப் பேணி வைத்ததால்தான் அப்படங்கள் இன்று வரலாறாகியுள்ளன.

பந்து எங்கே போயிற்று?

மாணவன் கொண்டு வந்த படத்தில் எல்லாரையும் குழப்பியது ஒன்று உண்டு. ஆட்டக்காரர் பந்தை அடிக்கிறார். ஆனால் பந்தைக் காணவில்லை. அவருடைய மட்டையும் புகை போலக் கலங்கித் தெரிந்தது.

இதற்குக் காரணம் எளிய கணக்கே. பழைய பெட்டிக் கேமராக்களின் மூடி ஏறத்தாழ ஒரு நொடியின் 50இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும். பந்து மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால், நொடிக்கு 44 மீட்டர் கடக்கும். மூடி திறந்து மூடுவதற்குள் பந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் ஓடிவிடும். அதன் குறுக்களவோ ஆறரை சென்டிமீட்டர் அளவே. ஆகவே, படச்சுருளில் அது ஒரு மங்கிய கீற்றாகப் பரவி மறைந்துவிடுகிறது.

இக்காலக் கேமராவில் நொடியின் 1000இல் ஒரு பங்கு வேகத்தை வைத்தாலும், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்தே தீரும். அதாவது, உருண்டைப் பந்து முட்டை வடிவில் பதியும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பந்தை மேலே எறிந்து அது ஒரு கணம் நின்று இறங்கும் வேளையைக் காத்திருந்து எடுப்பர்.

மேலும், அன்றைய படச்சுருளில் 8 அல்லது 12 படங்களே எடுக்க முடியும். ஒரு நாள் முழுவதும் அமர்ந்து பார்த்தாலும் பன்னிரண்டு முறைதான் விசையை அழுத்தலாம். எனவே, அந்தப் படத்தை எடுத்தவர் எண்ணிப் பார்த்தே எடுத்திருக்க வேண்டும்.

நம்மவரின் பொற்காலம்

மாணவனின் ஆசை, அந்த ஆட்டக்காரர் ராமநாதன் கிருஷ்ணனாக இருக்க வேண்டும் என்பது. பாட்டனார் காலத்துப் பெயர் என்று அவன் தந்தை சொல்லிக் கொடுத்திருந்தார். அவ்வாசை வியப்பன்று. 1937இல் நாகர்கோவிலில் பிறந்த கிருஷ்ணன், தம் தந்தை டி. கே. ராமநாதனிடம் பயின்று, 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவரே. 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிவரை முன்னேறினார். முதலாமாண்டு நீல் பிரேசரிடமும் மறு ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றார். 1966இல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் காக்கை வீழ்த்தி, இந்திய அணியை டேவிஸ் கிண்ண இறுதியாட்டத்திற்கு அழைத்துச் சென்றார்.

அக்காலத்தில் டென்னிஸ் உலகம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பணம் பெற்று ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு விம்பிள்டனில் இடமில்லை. ஜாக் கிரேமரின் தொழில்முறைக் குழு கிருஷ்ணனை அழைத்தபோது அவர் மறுத்துவிட்டார். 1968இல்தான் இரு சாராரும் ஒரே திடலில் ஆடும் நிலை வந்தது. அதன்பின் வந்த விஜய் அமிர்தராஜ் 1973, 1981 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் காலிறுதி கண்டார். கிருஷ்ணனின் மகன் ரமேஷ், 1979இல் தந்தையைப் போலவே விம்பிள்டன் இளையோர் பட்டம் பெற்றார்.

ஆயினும், ஆசை வேறு; சான்று வேறு. படத்திலிருந்த மட்டை மரத்தாலானது. எஃகு மட்டை 1967இல் பரவத் தொடங்கினாலும் மரமட்டை 1980களின் தொடக்கம்வரை வழக்கிலிருந்தது. எனவே, படம் பழையது என்று மட்டுமே கூற முடிந்தது. “தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் வரலாறுதான்” என்று மாணவனிடம் சொன்னேன். அவன் முகம் வாடிற்று.

என் படங்களுக்கு நேர்ந்த கதி

இந்த இடத்தில் என் கதையையும் கூற வேண்டும். கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் உள்ள புத்ரா அரங்கில் 2009 முதல் 2015 வரை மலேசியப் பொது டென்னிஸ் போட்டி ஆண்டுதோறும் நடைபெற்றது. டேவிடெங்கோ, நிஷிகோரி, ஃபெரர் போன்றோர் அங்குப் பட்டம் வென்றனர். 2013இல் ஜோவாவோ சூசா, இறுதியாட்டத்தில் தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு பெனட்டோவை வென்று, இத்தகைய பட்டம் பெற்ற முதல் போர்த்துக்கீசியர் ஆனார்.

அவ்வாண்டு நானும் பினாங்கிலிருந்து பேருந்தில் சென்று மேல்வரிசையில் அமர்ந்து பார்த்தேன். கையில் சிறிய இலக்கக் கேமரா. விசையை அழுத்தியபின் ஒரு கணம் கழித்தே அது படமெடுக்கும். மூடிய அரங்கமாதலால் வெளிச்சமும் போதவில்லை. ஒளிவீச்சு விளக்கைப் பயன்படுத்துவது ஆட்டக்காரர் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே அதுவும் கூடாது. பந்தை அடிக்கும் ஓசை கேட்டு அழுத்தினால், பந்து வலையைக் கடந்திருக்கும். இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன். பந்து தெரிந்தவை விரல்விட்டு எண்ணத் தக்கவை.

அந்த இருநூறும் இன்று இல்லை. கணினியின் வன்தட்டு பழுதானபோது யாவும் அழிந்தன. படி எடுத்து வைக்காதது என் குற்றமே. பெயர் தெரியாத ஒருவர் எடுத்த ஒற்றைப் படம் பல்லாண்டு வாழ்ந்திருக்க, என் இருநூறு படங்கள் சில ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை.

சென்னை நுங்கம்பாக்கம் அரங்கிலும் 1997 முதல் 2017 வரை ஆண்கள் போட்டி தொடர்ந்து நடந்து, 2018இல் புனேவுக்கு மாறியது. 2008இல் அங்கு நடால், மோயாவுடன் அரையிறுதியில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் போராடி வென்றார். மறுநாள் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். இவ்விரு நாள் படங்களும் எத்தனையோ பார்வையாளர்களிடம் இருக்கும். எந்த நாளில் எடுத்தது என்ற குறிப்பு இல்லையேல், வென்றவரின் களைப்பையும் தோற்றவரின் களைப்பையும் யார் பிரித்தறிவார்?

ஓரத்தில் நின்றவர்

மறுவாரம் பெற்றோர் சந்திப்பு நாளில் அம்மாணவனின் பாட்டி பள்ளிக்கு வந்தார். படத்தைக் காட்டினேன். அவர் ஆட்டக்காரரைப் பார்க்கவே இல்லை. நடுங்கும் விரலை ஓரத்தில் நின்றவர்மேல் வைத்தார்.

“இவருதான் டீச்சர், எங்க மாமா. இவரு அப்பாவோட அப்பா. இங்கதான் திடல்ல ரோலர் இழுத்தாரு, கோடு போட்டாரு. ஆடுறவரு யாருன்னு எங்களுக்கென்ன தெரியும்? மாமா படம்னு இது ஒண்ணுதான் இருக்கு.”

அப்போதுதான் உணர்ந்தேன். மெதுவாக மூடும் அந்தக் கேமராவில், விரைந்து அசைந்த ஆட்டக்காரர் கலங்கிப் போனார். பந்து மறைந்தே போயிற்று. அசையாமல் நின்ற தொழிலாளியோ முகமும் சட்டைப் பொத்தானும் தெரியத் துலக்கமாகப் பதிந்துவிட்டார். நானும் வகுப்பு முழுவதும் ஒரு வாரமாக வேறொருவரைத் தேடிக் கொண்டிருந்தோம்.

மாணவன் அன்றே மென்மையான பென்சிலால் படத்தின் பின்புறம் பூட்டனாரின் பெயரை எழுதினான். ஆட்டக்காரர் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினான். இம்முறை அவன் முகம் வாடவில்லை.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் படங்களின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். யார், எங்கே, எப்போது, எடுத்தவர் யார் என்னும் நான்கு செய்திகளைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். கைப்பேசிப் படங்களாயின், ஆண்டுக்கு ஒருமுறை சிலவற்றையாவது தேர்ந்தெடுத்து அச்சிட்டு, வேறோரிடத்திலும் படி எடுத்து வையுங்கள். ஆசிரியர்களே, அடுத்த விளையாட்டுப் போட்டி நாளில் முதலில் ஓடி வரும் மாணவனைப் படமெடுக்க எல்லாரும் இருப்பார்கள். விடியற்காலையில் திடலில் சுண்ணாம்புக் கோடு போடுபவரையும் ஒரு படம் எடுத்து, பெயரைக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.