வாங்குபவரே கடைக்காரர் ஆன கதை

நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: "நல்ல துவரம் பருப்பு எந்தக் கடையில் கிடைக்கும்?" விலை, எடை, தரம் என்ற மூன்று கவலைகளும் அந்த ஒரே கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. இதே கவலை இருந்த திருவல்லிக்கேணிவாசிகள் சிலர் 1904-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களே சேர்ந்து ஒரு கடை வைத்தார்கள்.

இதற்கு முன்மாதிரி இங்கிலாந்தின் ராச்டேல் என்ற ஆலை நகரம். அக்காலத்தில் அந்நாட்டுத் தொழிலாளிகள் பட்ட தொல்லைகளில் மளிகையும் ஒன்று. மாவில் சுண்ணாம்புத்தூள் கலந்திருக்கும், தராசு ஏமாற்றும். கடனுக்கு வாங்குவதால் தட்டிக் கேட்கவும் முடியாது. நெசவாளர்களும் பிற தொழிலாளிகளுமாக 28 பேர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, 1844 டிசம்பர் 21 அன்று டோட் லேன் என்ற தெருவில் கடை திறந்தார்கள். முதல் சரக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி, அவ்வளவுதான்.

அவர்கள் வகுத்த விதிகளைக் கவனியுங்கள். கலப்படம் கூடாது, எடை குறையக் கூடாது. கடன் கிடையாது, ரொக்கம் மட்டுமே. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான். லாபத்தில் பங்கு, அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கு ஏற்ப.

இதில் கடன் கூடாது என்ற விதி கடுமையானதாகத் தோன்றலாம். மாதக் கடைசியில் கை கொடுத்தது அண்ணாச்சி கடைக் கணக்கு நோட்டுதான் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையான உதவி. ஆனால் பாக்கி இருக்கும்வரை வேறு கடைக்குப் போக முடியாது. எடையில் சந்தேகம் வந்தாலும் வாய் திறக்கத் தயக்கம். ராச்டேல்காரர்கள் அந்தத் தயக்கத்தைத்தான் ஒழிக்க நினைத்தார்கள்.

திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்த வழியில் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர், அப்போது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்த வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி. 'டி.யு.சி.எஸ்.' என்றும் 'காமதேனு' என்றும் நாம் அறிந்த பெயர்கள் அந்தச் சங்கத்துடையவைதான். நாம் ரேஷன் வாங்கும் கடைகளில் பெரும்பாலானவற்றை இன்றும் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன.

இரண்டாம் உலகப் போர்க் காலத் தட்டுப்பாட்டில் சென்னை மாகாணத்தில் கூட்டுறவுப் பண்டகசாலைகள் பெருகின. 1962 சீனப் போரை அடுத்து மத்திய அரசு அவற்றை நாடெங்கும் வளர்க்க முனைந்தது. 1966-ல் டெல்லியில் சூப்பர் பஜார் வந்தது. விலைவாசி மிரட்டும் போதெல்லாம் நாடு இந்த யோசனைக்குத் திரும்பியிருக்கிறது.

ஆனால் அரசு திறந்த கடைக்கும் நாமே திறந்த கடைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அரசுக் கடையில் நாம் வெறும் வாடிக்கையாளர். தொடங்கியவர்களின் கடையில் அவர்களே உரிமையாளர்; பொதுக்குழுவில் எழுந்து நின்று கணக்குக் கேட்டார்கள்.

நம் சங்கத்திலும் ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டுதான். அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் மொத்தமாக வாங்கலாம் என்று குழுவில் இப்போது பேச்சு அடிபடுகிறது. அப்படி வாங்குவதானால் மூன்றை மட்டும் கடைப்பிடிப்போம்: முன்பணம் கட்டுவோம், எல்லோர் முன்னிலையிலும் எடை போடுவோம், கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். 180 ஆண்டுகளுக்கு முன் 28 பேர் கண்ட பாடம் இது. நமக்கு அதைவிட வீடுகள் அதிகம்.