கழுமரம் ஏறிய காத்தவராயன்

யாழ்ப்பாணத் தீவகத்தின் கூத்துகளைப் பற்றிப் பேசுவோர் பலர், அவை பக்தியின் வெளிப்பாடு என்று கூறி அமைதி கொள்வர். பக்தி உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பக்தியின் அடியிலே புதைந்து கிடக்கும் சமுதாய வரலாற்றை நாம் காண வேண்டாமா?

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு முதலிய இடங்களிலே கத்தோலிக்க மக்கள் புனிதர்களின் வரலாறுகளைக் கூத்தாக ஆடினர். சைவ மக்களோ மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்துக் காத்தவராயன் கூத்தை ஆடினர். இரவிலே தொடங்கும் அக்கூத்து விடியும்வரை நீளும். காத்தானின் பருவங்களுக்கேற்பப் பலர் அவ்வேடத்தை மாறி மாறி ஏற்பர். எவரும் கேட்டவுடன் பாடத்தக்க எளிய மெட்டுகளே அதன் உயிர். கமக்காரனும் கடற்றொழிலாளியும் அதனைத் தம் சொத்தாகக் கொண்டது இதனாலன்றோ!

கதை யாது? தாழ்ந்தவன் எனப்பட்ட காத்தான், பார்ப்பனப் பெண்ணாகிய ஆரியமாலையை விரும்புகிறான். அதற்குரிய தண்டனை கழுமரம். ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை. அவன் தெய்வத்தின் மைந்தன் என்கிறது. கழுமரம் சாபத்தின் விளைவு என்கிறது. 1971இல் நா. வானமாமலை பதிப்பித்த தமிழகத்துக் கதைப்பாடலும் இக்காத்தவராயனைப் பற்றியதே. கொடுமையை விதியாக்கி, அதற்கு இரையானவனைத் தெய்வமாக்கிவிட்டால், கொடுமை செய்தவனைக் கேள்வி கேட்பார் யார்?

காத்தான் கழுவேறும் காட்சியிலே கண்ணீர் சொரிந்த அதே சமுதாயம், பகலிலே ஒரு பகுதி மக்களுக்குக் கோயிற் கதவை அடைத்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் நிறைவேறியது, கதவுகள் திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசப் போராட்டம் வெடித்தது. அப்போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’யை அம்பலத்தாடிகள் காத்தான் கூத்துப் பாணியிலே மேடையேற்றினர். விதியென்று அழவைத்த மெட்டு, உரிமை கேட்கும் குரலாயிற்று. வடிவம் மக்களுடையது; அதிற் புதுப்பொருளை ஊற்றும் உரிமையும் அவர்களுடையதே.

1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். கூத்தும் அவர்களோடு கடல் கடந்தது. இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் காத்தான் கழுவேறுகிறான். சாதியும் உடன் கப்பலேறியதை நாம் அறிவோம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! இக்கூத்தைப் பேணுவோம். ஆனால் காத்தானுக்காக அழுவதோடு நின்றுவிடலாகாது. அக்கழுமரத்தை நாட்டியவர் யார் என்ற வினாவையும் வகுப்பறையிலே எழுப்புவோம்.