மோகன் பகான்

மோகன் பகான் கொல்கத்தாவின் கால்பந்துக் கிளப். 1889 ஆகஸ்ட் 15 அன்று நகரின் வடபகுதியில் தொடங்கப்பட்டது. இன்றுவரை ஆடிவரும் ஆசியக் கிளப்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. மோகன் பகான் வில்லா என்ற மாளிகைத் தோட்டத்தில் இளைஞர்கள் பந்தாடியதால் இந்தப் பெயர் வந்தது. முதல் தலைவர் வழக்கறிஞர் பூபேந்திரநாத் போஸ். 1914இல் மதராஸில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் இவரே. அணியின் நிறங்கள் கருஞ்சிவப்பும் பச்சையும்.

முதல் பத்தாண்டுகளில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. சைலேன் போஸ் செயலாளராகி, வீரர்களுக்கு ராணுவப் பாணியில் கடும் உடற்பயிற்சி கொடுக்கத் தொடங்கிய பிறகே வெற்றிகள் வந்தன. 1906 முதல் 1908 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பையை வென்றது.

கிளப்பின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது 1911ஆம் ஆண்டின் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. அதுவரை எந்த இந்திய அணியும் அதை வென்றதில்லை. செயின்ட் சேவியர்ஸ், ரேஞ்சர்ஸ், ரைஃபிள் பிரிகேட் ஆகிய அணிகளை வீழ்த்திய மோகன் பகான், அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமெண்டுடன் 1-1 என்று சமன் செய்து, மறுஆட்டத்தில் 3-0 என வென்றது. ஜூலை 29 அன்று மைதான் பகுதியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டுக்கு எதிராக இறுதியாட்டம். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்கால்; பின்னாளில் பாதிரியாரான சுதிர் சாட்டர்ஜி மட்டும் பூட்ஸ் அணிந்திருந்தார். முதல் கோல் பட்டாளத்து அணிக்கே கிடைத்தது. அணித் தலைவர் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் அடித்த கோல் 2-1 என்று முடிவு செய்தது. பின்வரிசையில் நின்று எதையும் பார்க்க முடியாதவர்களுக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கைத் தெரிவித்தார்கள்.

வங்கப் பிரிவினையின் சூடு அடங்காத காலம் அது. ஆகவே விளையாட்டைத் தாண்டிய பொருள் அந்த வெற்றிக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிரிவினை ரத்தாகித் தலைநகர் டெல்லிக்கு மாறியதை இந்த ஆட்டத்தோடு முடிச்சுப் போடுவோர் இன்றும் உண்டு. ஆனால் தலைநகர் மாற்ற யோசனை ஆட்டத்துக்கு முன்பே அரசுக்குள் பேசப்பட்டுவந்த ஒன்று. பதினொருவரின் சாதனைக்கு அந்த ஒட்டுவேலை தேவையும் இல்லை.

அதன்பின் நீண்ட வறட்சி. ரசிகர்கள் இதை அதிகம் பேசுவதில்லை. 1915இல் கல்கத்தா லீக்கின் முதல் பிரிவுக்கு வந்த அணி, லீக் பட்டத்தை முதன்முதலில் வென்றது 1939இல்தான். அதற்கு முன்பே முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து லீக்கை வென்றுவிட்டது. 1923 ஷீல்டு இறுதியாட்டத்தில் மழையில் ஊறிய தரையில் வெறுங்கால் எடுபடவில்லை, கல்கத்தா எஃப்.சி. 3-0 என்று வென்றது. ஷீல்டு மீண்டும் கைக்கு வர 1947 ஆயிற்று. இந்த இடைக்காலத்தின் பெரிய பெயர் தடுப்பாட்டக்காரர் கோஷ்டோ பால். எதிரணிகள் தாண்ட முடியாத அவரைச் சீனப் பெருஞ்சுவர் என்றார்கள். பத்மஸ்ரீ விருது பெற்ற முதல் கால்பந்து வீரரும் அவரே.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணித் தலைவரான டி. ஆவ், 1951 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் தலைவரான சைலேன் மன்னா இருவரும் மோகன் பகான்காரர்கள். 1962இல் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி வேறு எந்தக் கிளப்புக்கும் ஆடாதவர்; கிரிக்கெட்டிலும் வங்க அணியை ரஞ்சி இறுதியாட்டம்வரை அழைத்துச் சென்றவர்.

பரம எதிரி 1920இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் அணி அது. மோகன் பகான் மேற்கு வங்கத்துப் பூர்வீகர்களின் அணி. இங்கே வெற்றி என்றால் இறால், அங்கே வெற்றி என்றால் ஹில்சா மீன். 1975 ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று நொறுக்கியது மோகன் பகான் வீடுகளில் ஆறாத புண். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இவ்விரு அணிகளும் மோதிய ஆட்டத்தில் ஏற்பட்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தனர்.

1977 செப்டம்பர் 24 அன்று பீலே ஆடிய நியூயார்க் காஸ்மோஸுடன் மோகன் பகான் ஈடன் கார்டனில் 2-2 என்று சமன் செய்தது. ஓய்வுபெற ஒரு வாரமே இருந்த பீலேயின் முழு வேகத்தை அன்று எதிர்பார்த்திருக்க முடியாதுதான். மோகன் பகானுக்கு அந்த ஆண்டின் உண்மையான பெருமை வேறு: ஷீல்டு, ரோவர்ஸ், டூரண்ட் ஆகிய மூன்று கோப்பைகளும் அப்போது அதன் வசம் வந்தன.

வெளிநாட்டு வீரர்களைச் சேர்ப்பதில்லை என்ற வழக்கத்தை 1991இல் நைஜீரியாவின் சீமா ஒகோரியை எடுத்துக் கைவிட்டது. தேசியக் கால்பந்து லீக்கை மூன்று முறையும், ஐ-லீக்கை 2014-15, 2019-20 பருவங்களிலும் வென்றது. ஃபெடரேஷன் கோப்பை 14 முறை, டூரண்ட் கோப்பை 17 முறை இதன் வசமாயின.

2020இல் ஏ.டி.கே. அணியுடன் இணைந்து இந்தியன் சூப்பர் லீக்கில் நுழைந்தது. பெயருக்கு முன்னால் ஒட்டிய மூன்றெழுத்தை ரசிகர்கள் ஏற்கவில்லை. விடாத எதிர்ப்புக்குப் பின் 2023இல் மோகன் பகான் சூப்பர் ஜயண்ட் என்று மாறியது. 2024-25 பருவத்தில் லீக் ஷீல்டையும் கோப்பையையும் சேர்த்தே வென்றது. ஆசிய அளவில் நிலைமை வேறு. 2024 அக்டோபரில் ஈரானின் தப்ரீஸ் நகரில் டிராக்டர் அணியுடன் ஆட வேண்டியிருந்தபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி அணி செல்லவில்லை. போட்டியிலிருந்தே விலகியதாக ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்துவிட்டது.