மலையமான் காசும் பெண்ணையாற்று மணலும்

சங்க இலக்கியம் பயின்றோர்க்குத் திருக்கோவிலூர் என்றதும் மலையமான் திருமுடிக்காரி நினைவுக்கு வருவான். அவன் குதிரைக்கும் காரி என்றே பெயர். கபிலர் பாடிய அவ்வள்ளலின் குடிப்பெயரைத் தாங்கிய செப்புக்காசுகள் கிடைத்திருப்பதை அறிந்தோர் சிலரே. 2019-இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று அடங்கும் இவ்வூரின் பெண்ணையாற்று மணலிலிருந்து வந்தவை அவை.

தமிழ் மூவேந்தர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிடவில்லை என்றே 1980-களின் தொடக்கம் வரை அறிஞர் பலர் கருதினர். 'பெருவழுதி' என்ற பெயருடைய பாண்டியர் காசை அறிவித்து அக்கருத்தைத் தகர்த்தவர் தினமலர் ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. மலையமான் காசுகளைத் தேடிச் சேர்த்துப் படித்து வெளியிட்டவரும் அவரே. சிறிய சதுரச் செப்புத் துண்டு. ஒரு புறம் குதிரை, தமிழ்-பிராமியில் குடிப்பெயர். மறுபுறம் ஆற்றைக் குறிக்கும் வளைகோடுகள், மலை. தென்மேற்கே கல்வராயன் மலையும் அருகில் பெண்ணையும் கொண்ட நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் ஏது?

குதிரையைக் கண்டதும் 'இது காரியின் காசுதான்' என்று சொல்ல மனம் துடிக்கிறது. நாம் சற்று நிதானிக்க வேண்டும். மலையமான் என்பது குடிப்பெயர். பலர் அதைச் சூடியிருந்தனர். எந்த மலையமான் என்பதைக் காசு சொல்லவில்லை. மண்ணடுக்கு சொல்லியிருக்கலாம், ஆனால் ஆற்று மணலில் அடுக்கு ஏது? வெள்ளம் எல்லாவற்றையும் புரட்டிவிடுகிறது. மணலைச் சலித்துப் பொன்னும் உலோகமும் தேடுவோர் கையிலிருந்து வணிகரிடமும், அவரிடமிருந்து சேகரிப்பாளரிடமும் போய்ச் சேர்ந்தவை இத்தகைய காசுகள். அவர் வாங்கியிராவிட்டால் உருக்குச்சட்டிதான்.

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தேய்ந்த செப்புக்காசொன்று பத்து ரூபாய் பெறுமென்று மணல் சலிப்பவருக்கு யார் சொல்வது?

அமெரிக்காவின் தொடக்ககாலச் செப்புச் சில்லறைகளைச் சேகரிப்போர் இவ்வகையில் பேறு பெற்றவர்கள். 1793-இல் பிலடெல்பியா நாணயச்சாலை வார்த்த சங்கிலிச் சின்னமுடைய ஒரு சென்ட் காசுகள் 36,103 என்று ஏடே கணக்குச் சொல்கிறது. எந்த அச்சு எதனோடு இணைந்தது என்பது வரை அவர்கள் ஆராய்ந்துவிட்டனர். நமக்கோ வார்த்த சாலையும் தெரியாது, எண்ணிக்கையும் தெரியாது.

திருக்கோவிலூர்ப் பகுதியிலேயே ஜம்பை இருக்கிறது. கோவலூரை வென்றவனாகப் புறநானூறு கூறும் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் அங்கே குகைக் கல்வெட்டில் 1981-இல் கண்டறியப்பட்டது. சதியபுதோ என்ற அடைமொழியோடு, முனிவர்க்குப் பாழி செய்தளித்த செய்தி. மலையமான் நாட்டில் பகைவனின் பெயர் வெட்டிய பாறையிலேயே இருக்கிறது. மலையமானின் பெயரோ சேகரிப்பாளர் பேழைகளில்.