அறை இருப்பவர்களுக்கான விதிகள்: கிண்டி வளாகத்தின் தொற்றுக்கால வரலாறு

2020 மார்ச் 16 அன்று தமிழக அரசின் அறிவிப்பு வந்தது. மறுநாள் முதல் மார்ச் 31 வரை கல்வி நிலையங்கள் மூடப்படும். இரண்டு வாரம்தானே என்று இரண்டு செட் துணியைப் பையில் திணித்துக்கொண்டு கோயம்பேட்டில் பேருந்து ஏறிய விடுதி மாணவர்கள் ஏராளம். புத்தகம், நோட்டு, சிலருக்குச் சான்றிதழும் மடிக்கணினியும்கூட, பூட்டிய அறைக்குள்ளேயே கிடந்தன. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு.

அதற்குப் பிந்தைய இரண்டு வருடங்களில் சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்கும், அதன் எதிரே சர்தார் படேல் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஐஐடிக்கும் எத்தனை விதிகள் வந்தன, எத்தனை மாறின என்பதை நாம் ஓரளவு மறந்துவிட்டோம். விதிகள் மாறியபோதும் அவற்றுக்குள் மாறாமல் இருந்த ஒரு அனுமானம் உண்டு. மாணவர் என்றால் அவருக்கு ஒரு வீடு இருக்கும், வீட்டில் அவருக்கென்று ஒரு அறை இருக்கும்.

நம் வரலாற்றில் அந்த அறை அவ்வளவு எளிதில் கிடைத்ததில்லை. பம்பாய் பரேலில் அண்ணல் அம்பேத்கரின் குடும்பம் இருந்தது ஒற்றை அறையில். இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, பிறகு மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, மகன் எழுந்த இடத்தில் அப்பா படுத்துக்கொள்வார். அந்த மனிதர் பின்னாளில் பகிஷ்கரித் ஹிதகாரிணி சபையைத் தொடங்கியதும் 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது தற்செயல் அல்ல. கிண்டிக்குக் கூப்பிடு தூரத்தில், சைதாப்பேட்டையில், எம்.சி. ராஜா பெயரில் இன்றும் ஆதிதிராவிடர் மாணவர் விடுதி இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு விடுதி என்பது படுக்கும் இடம் மட்டும் கிடையாது. மூன்று வேளைச் சோறு, இரவு பத்து மணிக்கு மேலும் எரியும் விளக்கு, ஊர்க்காரர் யாரும் பெயர் சொல்லி வேலைக்கு ஏவாத ஒரு கூரை. விடுதியைக் காலி செய் என்ற ஒற்றை வரி இவை எல்லாவற்றையும் சேர்த்துக் காலி செய்தது.

2020 ஜூனில் சென்னையில் தொற்று உச்சத்துக்குப் போனது. அண்ணா பல்கலைக்கழக விடுதிகளை கோவிட் பராமரிப்பு மையமாக்க ஜூன் 20க்குள் ஒப்படைக்கும்படி மாநகராட்சி கேட்டது. மாணவர்களின் உடைமைகள் அறைக்குள் இருப்பதைச் சொல்லிப் பல்கலைக்கழகம் தயங்கியது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் பாயும் என்ற எச்சரிக்கையும் வந்தது. இறுதியில் விடுதி கைமாறியது. செய்திகளில் இது துணைவேந்தருக்கும் மாநகராட்சிக்கும் இடையிலான இழுபறியாகவே பேசப்பட்டது.

எங்களுக்குப் பட்டது வேறு. வீட்டுத் தனிமைக்கு அனுமதி பெற நோயாளிக்குத் தனி அறை வேண்டும் என்பது அன்றைய விதி. கண்ணகி நகரிலோ வியாசர்பாடியிலோ எட்டுக்குப் பத்து அளவு வீட்டில் ஐந்து பேர் இருக்கிறவர்கள் எங்கே தனி அறைக்குப் போவார்கள்? அவர்களைத்தான் மையங்களுக்கு அழைத்துப் போனார்கள். ஆக, அறை இல்லாத நோயாளிக்காக மாணவரின் அறை எடுக்கப்பட்டது. அந்த மாணவர்களில் ஒரு பகுதியினர் அதேபோன்ற வீடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். மாநகராட்சி செய்தது தவறென்று நாங்கள் சொல்ல மாட்டோம். உயிர் போகிற நேரம் அது. ஆனால் நோயாளிக்கு அறை இருக்கிறதா என்று கேட்ட அரசு, அதே கேள்வியை மாணவரிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பது ஏற்கெனவே ஏட்டில் இருந்தது. 2017-18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்றின்படி, இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி இருந்தவை 4.4 சதவீதம், இணைய வசதி இருந்தவை 14.9 சதவீதம். அந்த நாட்டில்தான் வகுப்பு இணையத்துக்குப் போனது. எங்களுக்குத் தெரிந்த ஒரு கலைக் கல்லூரி மாணவருக்கு அவர் காலனியில் சிக்னல் கிடைத்த ஒரே இடம் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் படிக்கட்டு. காலை வகுப்புக்கு அங்கே ஏறுவார், பகலில் அம்மாவோடு நூறு நாள் வேலைக்குப் போவார். வருகைப் பதிவு மாலை வகுப்பில் எடுத்தால் தப்பித்தார்.

தேர்வு விதிகளின் கதை இன்னும் நீளம். 2020 ஆகஸ்ட் 26 அன்று, இறுதிப் பருவம் தவிர மற்ற அரியர் தேர்வுகளுக்கு அரசு விலக்கு அறிவித்தது. கல்லூரிச் சுவர்களில் முதல்வருக்கு நன்றிச் சுவரொட்டி ஒட்டிக் கொண்டாடினார்கள், ஏஐசிடிஇ எதிர்த்தது, வழக்கு உயர்நீதிமன்றம் போனது. தரம் கெட்டுவிட்டது என்று ஒரு பக்கம் ஒப்பாரி. இரண்டு தரப்பும் கவனிக்காத ஒரு நிபந்தனை அறிவிப்பிலேயே இருந்தது: தேர்வுக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். ஊரடங்கில் கூலி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பணம் புரளவில்லை என்றால் அரியர் அரியர்தான்.

அண்ணா பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்போடு வீட்டிலிருந்தே தேர்வு எழுதும் முறையைக் கொண்டுவந்தது. கேமராவும் மைக்கும் இருக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது, சத்தம் கூடாது. ஒற்றை அறை வீட்டில் தம்பி குறுக்கே நடந்தால்கூடச் சந்தேகம். 2021 தொடக்கத்தில் இப்படி நடந்த பருவத் தேர்வின் முடிவு வந்தபோது ஏராளமானோர் தோல்வி. பலருக்கு முடிவு நிறுத்திவைப்பு. மே மாதம் ஆட்சி மாறியதும் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி, கூடுதல் கட்டணம் இல்லாமல் மறுதேர்வு என்று அறிவித்தார். இம்முறை பேனாவும் தாளும். மென்பொருளின் பிடிவாதத்தை மாணவர் புகார்கள் தளர்த்திய சம்பவம் இது. இதைச் சின்ன வெற்றி என்று யாரும் கணக்கில் வைக்கவில்லை என்பது எங்கள் வருத்தம்.

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு யுஜிசி தந்த சலுகை தனி ரகம். ஆய்வேடு சமர்ப்பிக்கும் கெடு ஆறு ஆறு மாதமாக நீண்டு 2022 ஜூன் வரை போனது. உதவித்தொகைக் காலம் மட்டும் ஐந்து வருடம்தான் என்று அதே அறிவிப்புகள் கறாராகச் சொல்லின. நேரம் கொடுத்தார்கள், சோற்றுக்குக் காசு கொடுக்கவில்லை. அப்பா வீட்டுப் பணத்தில் ஆய்வு செய்பவருக்கு இது சலுகை. உதவித்தொகையில் பாதியை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு?

2020 டிசம்பரில் வளாகங்கள் பாதி திறந்தன. சாலைக்கு எதிரே ஐஐடியில் எழுநூற்றுச் சொச்சம் பேர் மட்டுமே விடுதியில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு உணவுக்கூடம் இயங்கியது. சில நாட்களில் 180க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. முகக்கவசம் போடாத மாணவர்களைப் பற்றி நிறையப் பேசினார்கள். ஒரே உணவுக்கூடத்தில் எல்லோரையும் கூட்டியது நிர்வாக முடிவு. பிறகுதான் சாப்பாட்டைப் பொட்டலமாக அறைக்கே அனுப்பினார்கள்.

வளாகம் மூடியிருந்தது என்று இதுவரை எழுதிக்கொண்டே வந்தோம். அது மாணவர் கண்ணில் படும் வரலாறு. ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு வளாகம் எங்கே மூடியது? தினமும் கிருமிநாசினி தெளிக்க வேண்டும், கைப்பிடிகளைத் துடைக்க வேண்டும், தனிமை அறைகளின் குப்பையைப் பிரித்து எடுக்க வேண்டும் என்று வந்த ஒவ்வொரு புது விதியும் பெரும்பாலும் நம் சனத்தின் கைகளில்தான் இறங்கியது. ‘சமூக இடைவெளி’ என்ற சொல்லைக் கேட்டு அன்று நம் தோழர்கள் பலர் முகம் சுளித்தது நினைவிருக்கலாம். தனிநபர் இடைவெளி என்று சொல்லுங்கள், மற்றது நமக்கு ஏற்கெனவே தெரியும் என்றார்கள்.

2022 ஏப்ரலில் அதே ஐஐடியில் மறுபடியும் தொற்று பரவியது. இம்முறை பரிசோதனை நடந்தது, தொற்று வந்தவர்கள் வளாகத்துக்குள்ளேயே தனிமைப்படுத்தப்பட்டார்கள். பெட்டியைக் கட்டி ஊருக்குப் போ என்று யாருக்கும் உத்தரவு வரவில்லை. தடுப்பூசி வந்துவிட்டதும் தொற்றின் வீரியம் குறைந்ததும் காரணம், மறுக்கவில்லை. ஆனாலும் விடுதிக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்ள முடியும் என்பது அன்று தெரிந்துபோனது.

இந்த இரண்டு வருடங்களில் உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த சுற்றறிக்கைகள், விடுதி அறிவிப்புகள், தேர்வு அன்று தொடர்பு அறுந்ததைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்கள் இன்னும் போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். தேதியோடு ஒரு இடத்தில் சேர்த்து வையுங்கள். ‘இணையவழிக் கல்விக்குச் சுமுகமாக மாறினோம்’ என்று நிர்வாகங்களின் ஆண்டறிக்கைகள் எழுதும்போது, எதிரே வைக்க நம்மிடம் அவைதான் இருக்கின்றன.